பதினேழாம் அத்தியாயத்து விதவை

பிறர் துயரத்தைத் தம் துயரமாக உணர்வதில் உலகிலேயே முதலிடம் வகிப்பது, அயோவா மாநிலத்தில் எங்கள் ஊர் நூலகத்தின் அடித்தளத்தில் வியாழன்தோறும் கூடும் ‘வருங்கால அமானுஷ்யக் காதல் நாவலாசிரியர் சங்கம்’தான். சங்கச் செயலாளர் என்ற முறையில் இதைப் பொறுப்போடு அறிவிக்கிறேன்.

எங்கள் தலைவி மார்லிஸ் ஸ்டோல்ட்ஸின் நாவல்கள் நானூறு வருடம் கழித்து நடப்பவை. கதாநாயகி சரீனா ஓர் ‘உள்ளுணரி’. ஒருவர் கையைத் தொட்டால் போதும், அவர் மனதில் உள்ளதெல்லாம் அவளுக்கு விளங்கிவிடும். கேட்டுக் கேட்டு அந்தச் சக்தி எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது என்பது பொதுக்குழு ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம்.

சென்ற மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை. பக்கத்து ஊரிலிருந்து வரும் உறுப்பினர் ஆர்டித் கோபெக்கி, கொஞ்ச நாளாகக் காணாதவர், அன்று வந்துசேர்ந்தார். ஆண்கள் போடும் பெரிய கோட்டு ஒன்றை மாட்டியிருந்தார். அதன் கைகள் அவர் விரல்களை மூடியிருந்தன. காருக்கும் மேசைக்குமாக நடந்து, தட்டு தட்டாகக் கேசரோல், அதாவது எல்லாம் கலந்து அடுப்பில் சுட்ட பதார்த்தம், கொண்டுவந்து அடுக்கினார். கோழிக்கறி, உருளைக்கிழங்கு, நூடுல்ஸ். ஒவ்வொரு தட்டிலும், அதைத் திருப்பித் தரவேண்டிய பெண்ணின் பெயர் ஒட்டியிருந்தது.

“இவ்வளவும் நீயா பண்ணே?” என்றார் எங்கள் துணைத்தலைவி காரீன்.

“இல்ல. அக்கம்பக்கத்துல கொண்டாந்து குடுத்தாங்க. ஒருத்தியா எவ்வளவுதான் திங்கறது?”

“குடுத்து வச்சவடி நீ! எங்க தெருவுல ஒருத்தியும் ஒரு பிஸ்கட் நீட்ட மாட்டா.”

எங்கள் பக்கத்தில் ஒரே வீட்டுக்கு இத்தனை கேசரோல் வருவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். ஆனால் உயர்ந்த மனங்கள் இதுபோன்ற சில்லறைத் தகவல்களில் தேங்கி நிற்பதில்லை. ‘உணர்வு’க்கும் ‘உணவு’க்கும் நடுவே ஓர் எழுத்துதான் தடை. அன்று அதையும் சேர்த்து விழுங்கினோம்.

பிறகு மார்லிஸ் பதினேழாம் அத்தியாயத்தை வாசித்தார். விண்வெளிப் போரில் கணவனை இழந்த ஒரு விதவையின் கையைச் சரீனா தொடுகிறாள். விதவை தரையில் புரண்டு, நட்சத்திரங்கள் அதிரக் கதறுகிறாள். நாங்களும் கதறினோம். என் கைக்குட்டையைப் பிழியலாம் போலிருந்தது. ஆர்டித் மட்டும் கோட்டின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“உனக்குக் கண்ணே கலங்கலையே ஆர்டித். இதுல ஏதாவது குறை இருக்கா?” என்றார் மார்லிஸ், கண்ணாடியைக் கழற்றியபடி.

“அவ கதற மாட்டா, மார்லிஸ். காலைல எந்திரிச்சு ரெண்டு கப்புல காபி ஊத்துவா. அப்புறம் ஒண்ணை எடுத்துக் கொட்டுவா. அவ்வளவுதான்.”

“புருஷன் போனவ காபி போட்டுட்டு இருப்பாளா? நம்பற மாதிரியா இருக்கு?”

“வறட்டுன்னு இருக்குப்பா,” என்றார் காரீன்.

“அனுபவம் பத்தலை ஆர்டித். துக்கத்தோட உள்ள எறங்கிப் பார்க்கணும்,” என்று நானும் எடுத்துச் சொன்னேன்.

வாக்கெடுப்பில் காபி தோற்றது. உறுப்பினரைக் கைவிடுவது எங்கள் வழக்கமில்லை என்பதால், மார்லிஸ் உடனே ஒரு ‘உள்ளுணர்வுப் பயிற்சி’யை அறிவித்தார். ஆர்டித்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்களை மூடினார்.

“மார்லிஸ், நான் ஒண்ணு சொல்லணும்...”

“ஸ்ஸ்! நீ சொல்லிட்டா அப்புறம் இதுல என்ன சக்தி இருக்கு? நானே கண்டுபிடிக்கறேன்.”

அறை மூச்சை அடக்கிக் காத்திருந்தது. மார்லிஸ் மெல்லக் கண் திறந்தார்.

“பொறாமை. என் எழுத்து மேல. பரவாயில்லம்மா, மன்னிச்சுட்டேன்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கூட்டம் முடிந்ததும் ஆர்டித் காலித் தட்டுகளை அடுக்கினார். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

“இந்தப் பனியில நீயே ஓட்டிட்டா போகப்போறே? உன் வீட்டுக்காரர் வெர்ன் எங்கடி? எப்பவும் அவர்தானே வருவார்?” என்றார் காரீன்.

“போன செவ்வாய்க்கிழமை அவரை அடக்கம் பண்ணோம்.”

மார்லிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னத்தில் உண்மையான கண்ணீர் வழிந்தது.

“ஐயோ, ஆர்டித்! என்ன ஒரு வரி! அதே குரல்ல இன்னொரு தடவை சொல்லேன். இதை நான் எடுத்துக்கலாமா?”

ஆர்டித் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டார்.

“எடுத்துக்கோ. மனசைப் படிக்கிற இத்தனை பேருக்கு நடுவுல அவ சாயங்காலம் பூரா உக்காந்திருந்தும் ஒருத்தருக்கும் தெரியலைன்னு அதையும் சேர்த்து எழுது.”

அதன் பிறகு அவர் சங்கத்துக்கு வரவில்லை.

ஆர்டித் சொன்னதை மார்லிஸ் ஒரு சொல்லும் தவறாமல் எழுதி, அடுத்த வியாழனே வாசித்தார். நீண்ட விவாதத்துக்குப் பின், அந்தப் பகுதியை நீக்கும்படி ஏகமனதாகத் தீர்மானித்தோம். மனங்களை உணரும் ஒரு கூட்டம் இத்தனை குருடாக இருக்கும் என்று எழுதுவது, வாசகரின் அறிவை அவமதிப்பதாகும்.