மாரிசாமிக் கங்காணி சப்பாத்தோடு பொருத படலம்

மடுல்சீமை மலைகளே, மஞ்சு சூழ் முகடுகளே, செவிசாய்ப்பீராக! தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் முந்நூறு பேரைத் தன் பிரம்பு நுனியில் ஆட்டிவைத்த பெரிய கங்காணியை, முறுக்குமீசை வேந்தனை, தொந்தி முன்செல்லத் தான் பின்செல்லும் மாரிசாமியை வாழ்த்தி, பதுளை மாநகரின் பழஞ்சிறப்புகளைக் காணச் சென்ற ஞாயிறன்று அவன் தன் சப்பாத்தோடு பொருத பெரும்போரை உரைக்கத் துணிந்தோம்.

கொழும்பிலிருந்து தபாலில் வந்த சப்பாத்து அது. காரிருள் நிறத்தது, கண்ணாடியை நாணச் செய்வது, வீரனின் பாதத்தினும் இருவிரற்கடை குறுகியது. அதனை அவன் பூண்டதற்கும் காரணம் உண்டு. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ராமாமிர்தத்தின் மகனுக்குத் தன் மகள் பரிமளத்தைக் கொடுக்க அவன் ஆசைப்பட்டிருந்தான். ஊர்ப்பெருமை பேசுவதில் இணையற்ற அவ்வணிகரோ, "ஞாயித்துக்கிழம வாங்க சம்பந்தி, பழைய எடமெல்லாம் சுத்திப் பாத்துக்கிட்டே பேசி முடிச்சிடலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

முதலில் பழைய கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு கல்லின் முன்னும் ராமாமிர்தம் நின்று, நெடுமூச்செறிந்து, வரலாறு விளம்பினார். சப்பாத்துச் சிறைக்குள்ளோ, தோற்ற நாட்டு மன்னர்போல் பத்து விரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புலம்பின. அடுத்துக் கோட்டை இருந்த மேடு. ஏறுகையில் குதிகால் குருதி சொரிந்தது; ஆயினும் வீரன் புன்னகைத்தான்.

மூன்றாவதாக முத்தியங்கனை விகாரை. அங்கே காலணி களைய வேண்டும் என்றதும், முற்றுகை நீங்கிய நகரம்போல் மாரிசாமியின் முகம் மலர்ந்தது. தாதுகோபுரத்தை ஒருமுறை வலம் வந்த ராமாமிர்தம் நிழலில் அமர்ந்துவிட, நம் வீரன் வெறுங்காலின் இன்பத்தில் ஒன்பது முறை சுற்றினான்.

"என்னா பக்தி!" என்று வணிகர் வியந்தார்.

வெயிலில் கொதித்த மணலோ சூழ்ச்சி செய்தது. வெளியே வந்து பார்த்தால் பாதங்கள் இரண்டும் பலாக்காய்போல் வீங்கியிருந்தன. தொடங்கியது போர். இழுத்தான், எச்சில் தொட்டுத் திணித்தான், மரத்தில் முதுகை முட்டுக்கொடுத்து, யானை கதவை மோதுவதுபோல் மோதினான். அரைமணி நேர ஆரவாரத்துக்குப் பின் வலக்கோட்டை வீழ்ந்தது. இடக்கோட்டை இறுதிவரை பணியவில்லை. ஒற்றைச் சப்பாத்தைக் கையிலேந்தி, நொண்டியவண்ணம் நடந்தான் வெற்றிவீரன்.

இறுதியாக, துரை ஒருவர் தம் பங்களாவில் சேர்த்து வைத்திருந்த பழம்பொருட்சாலை. ஞாயிறுகளில் நண்பகல்வரை ஊராருக்கும் திறந்திருக்கும் அங்கே, அரசர் காலத்து வாட்கள் இருந்தன. வாசலைக் காத்து நின்ற ஸலீம், குனிந்து கால்களை நோக்கித் தீர்ப்பு வழங்கினான்.

"சப்பாத்து, செருப்புப் போட்டவங்க முன்வாசல். வெறுங்கால்காரங்க பின்வாசல். தொரையோட சட்டம்."

"ஒரு கால்ல போட்டிருக்கேனே! இன்னொண்ணு கையில இருக்கே!"

"அப்ப அந்த ஒரு காலு மட்டும் உள்ள போகலாம்."

ராமாமிர்தம் தம் தோற்செருப்பைப் பார்த்தார். வீரனின் காலைப் பார்த்தார். அறிமுகமில்லாதவர் போல் முன்வாசலுக்குள் மறைந்தார்.

பின்வாசலில் நாற்பது பேர் வரிசை. அந்தோ, அத்தனை பேரும் ஞாயிறு விடுமுறையில் நகர் காண வந்த அவன் தோட்டத்து மக்கள்! அவர்களிடையே கொழுந்து பறிக்கும் கனகமும் நின்றாள். சென்ற மாதம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் செருப்போடு வந்த அவளை, "கூலிக்காரிக்கு எதுக்குடி செருப்பு?" என்று ஏசி, அதைப் பிடுங்கி ஆற்றில் எறிந்த பெருந்தகை இவனே. முந்திச் செல்லலாமென்று வீரன் ஓரடி எடுத்து வைத்தான்.

கனகம் வழியை மறித்து நின்றாள். அவன் இடக்காலை நிதானமாகப் பார்த்தாள்.

"கங்காணி ஐயா, வரிசைக் கடைசி அந்தப் பக்கங்க."

வரிசையில் எவளோ முந்தானையை வாயில் அடைத்துச் சிரித்தாள். மூன்று தோட்டங்களை நடுங்கச் செய்த மாரிசாமி தலைகவிழ்ந்து கடைசியில் போய் நின்றான். கனகம் வாட்களைக் கண்டாள், நாற்பதாமவனும் கண்டான், நண்பகல் மணி முழங்க, வீரனின் மூக்குக்கு முன்னே கதவு சாத்தப்பட்டது.

அவ்வேளை முன்வாசலால் வெளிவந்த ராமாமிர்தம், தூரத்தில் நின்றபடியே, "கங்காணி, அந்தப் பேச்ச அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று திருவாய் மலர்ந்தருளினார்.

பிறகு அவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்.