தவளை மாமாவும் மரத்துப்போன என் இடது காலும்

கல்கத்தாவில் நான் இருந்த பதினோரு வருஷத்தில் கோபப்படத் தெரிந்த மனிதர் என்று ஒருவரைத்தான் பார்த்தேன். மற்றவர்களெல்லாம் சும்மா கத்தினார்கள்.

தவளை மாமா. நிஜப் பெயர் மெஸ் ரிஜிஸ்தரில் இருந்திருக்கும்; நாங்கள் யாரும் பார்த்ததில்லை. லேக் மார்க்கெட் பக்கத்தில் இருந்த எங்கள் மெஸ்ஸில் மாடி மூலை அறை அவருடையது. ஒரு மருத்துவக் கல்லூரி லேபில் உதவியாளர். தவளையின் கால் நரம்பைப் பிரித்தெடுத்து, அதில் கரண்ட் வைத்து, செத்த தவளையை உதைக்க வைத்து மாணவர்களுக்குக் காட்டுவது உத்தியோகம். காலையில் சந்தியாவந்தனம், பத்து மணிக்குத் தவளை. அதனால் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை எப்போதும் காலி. நான் மட்டும் போய் உட்காருவேன். பெரிய மனசெல்லாம் இல்லை, ஃபேன் அந்தப் பக்கம்தான் இருந்தது.

ஒருநாள் பாங்க் குமாஸ்தா ஒருவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "பாருங்கோ மாமா, நரம்பு எப்படிப் புடைச்சுண்டு நிக்கறது!" என்று முன்கையைக் காட்டினான்.

"அது ரத்தக் குழாய்டா மடையா! நரம்பு உன் கண்ணுக்குத் தெரிஞ்சா நீ ஆஸ்பத்திரியில கிடக்கேன்னு அர்த்தம்!"

அவன் அதற்கப்புறம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் அவர் எதிரில் வந்தான்.

தெருச் சுவரில் நரம்புத் தளர்ச்சி லேகிய போஸ்டர் கண்ணில் பட்டால் போச்சு. சாவியால் சுரண்டுவார். போஸ்டர் ஒட்டுகிறவன் ஒருமுறை, "கீ ஹோலோ தாதா?" என்று, அதாவது என்ன ஆச்சு அண்ணா என்று, பாவம் வங்காளியில் மரியாதையாகத்தான் கேட்டான். "தளர்றதுக்கு நரம்பு என்ன கோவணக் கயிறாடா?" என்று மாமா சுத்தத் தமிழில் கத்தினார். ஒரு வார்த்தை புரியாமலேயே பசை வாளியைப் போட்டுவிட்டு ஓடினான் அந்த மனுஷன்.

நான் சூடான டவராவைத் தொட்டுக் கையை இழுத்துக்கொண்டு "ஆ" என்றால், சாப்பாட்டை விட்டு எழுந்து வருவார். "கவனிச்சியா? கை முதல்ல வந்துது, கத்தல் அப்புறம். கையை எடுன்னு முதுகுத்தண்டே உத்தரவு போட்டுடுத்து. மூளைக்குத் தகவல் மட்டுந்தான். உங்க ஆபீஸ் மாதிரி மேலதிகாரி கையெழுத்துக்குக் காத்திண்டிருந்தா கை வெந்துடும்!" சொல்லிவிட்டு, பெஞ்சிலிருந்து தொங்கும் என் முழங்காலில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. கால் துள்ளும். இப்படி இரண்டு முறை என் சாம்பார் பக்கத்து இலைக்குப் போயிருக்கிறது. எரிச்சல் எனக்கு மண்டைக்கு ஏறும்.

இந்த மனிதரைத்தான் நான் பெண் பார்க்க அழைத்துப் போனேன். வேறு வழி? அப்பா அம்மா கும்பகோணத்தில். மெஸ்ஸில் நரைத்த தலை அவருடையது ஒன்றுதான். பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இந்த இடம் தட்டிப்போனால் பிரம்மச்சாரியாகவே ஊர் திரும்புவது என்று முடிவே கட்டியிருந்தேன்.

"மாமா, உங்க கால்ல விழறேன். தவளைன்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. கேட்டா, காலேஜ்ல வேலைன்னு சொல்லுங்கோ, போறும்."

"சரிடா," என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஹவுராவில் ரயில்வே குவார்ட்டர்ஸ். ஜமக்காளத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா தன் பிரமோஷன் கதையைச் சொன்னார். பெண் இரண்டு பாட்டுப் பாடினாள். அப்பா இன்னொரு பிரமோஷனைச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் மாமா வாயைத் திறக்கவில்லை. கிளம்பலாம் என்று எழுந்தேன். இடது கால் என்னோடு எழுந்திருக்கவில்லை. பாதம் தொங்கிப்போய், அப்படியே பஜ்ஜித் தட்டின் மேல் விழுந்தேன்.

"ஐயையோ, பையனுக்குக் கால் ஊனம்! மறைச்சுட்டா!" என்றாள் பெண்ணின் அம்மா.

"ஃபிட்ஸா?" என்றார் அப்பா.

"எவண்டா ஊனம்னது?" மாமா எழுந்துவிட்டார். "இருபத்திரண்டு வருஷமா தவளையை அறுத்து நரம்பைப் பார்க்கறவன் நான்! முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி நரம்பு ஓடறது. அதை அழுத்தி உக்காந்தா பாதத்தைத் தூக்குன்னு உத்தரவு போய்ச் சேராது. விட்டா சரியாயிடும். நீர் உக்காரும் ஓய், நான் காட்டறேன்!"

தவளை என்ற சொல் வந்ததும் இந்த இடம் தட்டிப்போயிற்று என்று தெரிந்துவிட்டது. அவரை அங்கேயே கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. பெண்ணின் அப்பாவோ வீம்புக்கு உட்கார்ந்தார். மாமா அவர் காலை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முக்கால் மணி நேரம் போயிற்று. பிறகு அவர் எழுந்தார். நான் விழுந்த அதே இடத்தில் விழுந்தார்.

"இப்ப ஊசி குத்தறாப்பல இருக்குமே? நரம்பு முழிச்சுண்டு தாறுமாறா சேதி அனுப்பறது," என்றார் மாமா, பரம திருப்தியாக.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மாமா குடித்த டம்ளரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்தாள். மாமா அதைப் பார்த்தார். திட்டவில்லை. செருப்பைத் தேடினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என்ன திமிர்! அவர்களைக் கிழிகிழியென்று கிழிக்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். முதலில் அவரை மறைக்கச் சொன்னவன் நான்தானே?

அப்போது பெண் வந்தாள். வாசலுக்குப் போய் அதே டம்ளரை எடுத்தாள், உள்ளே போனாள், கழுவிக் காபி ஊற்றிக்கொண்டு வந்து மாமா கையில் கொடுத்தாள். "சூடா இருக்கு மாமா. முதுகுத்தண்டு பத்திரம்," என்றாள். அப்பா சப்பணம் போட்டிருந்த முக்கால் மணி நேரத்தில், சூடு பட்டால் கையை இழுப்பது முதுகுத்தண்டு என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்ததை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தாளாம், பிற்பாடு சொன்னாள். கல்யாணமாகி முதல் வாரத்தில்.

எங்கள் கல்யாணப் பந்தியில் மாமாவுக்குப் பக்கத்து இலையில் அவள் உட்கார்ந்தாள். மறுபக்கம் நான். ஃபேன் எங்கே இருந்தது என்று கவனிக்கவில்லை.

மாமா போய்ப் பல வருஷமாகிறது. இன்றைக்கும் கால் மரத்துப்போனால் நான் உதறுவதில்லை. யாராவது "மடையா" என்று கத்த மாட்டார்களா என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.