சட்டப்படி இன்னும் இரண்டு வருஷம்

பரவை,
விய வருஷம் கார்த்திகை மாதம் 9-ந் தேதி.

அவனியாபுரம் சம்பந்தி அழகுமலை அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா சிவனாண்டி கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் தங்கச்சி சின்னத்தாய், தங்கள் மகள் ஜெயக்கொடி, ஒரு வெள்ளாட்டுக் கிடாய் ஆகிய நால்வரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகத்தையும் தங்கள் வீட்டார் சுகத்தையும் அறியத் தர வேண்டியது. கிடாய் எப்படி இந்தக் குடும்பத்தில் சேர்ந்தது என்று தாங்கள் யோசிப்பீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் படிக்க வேண்டும்.

தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. என் மகன் முத்திருளன் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆயிற்று, அவன் கடிதம் நின்று ஐந்து வருஷம் ஆயிற்று, சண்டை முடிந்து கப்பல்களும் வந்துவிட்டன, அவன் உயிரோடு இருக்கிறான் என்றால் சாட்சி காட்டுங்கள், இல்லையென்றால் பெண்ணை அனுப்புங்கள், அவளுக்கு இருபத்துநாலு வயசுதான் ஆகிறது, நம் சனத்தில் அறுத்துக் கட்டுவது புதிதல்ல, பெண் கேட்டும் வந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வி நியாயம்தான். கேட்ட இடம்தான் தப்பு. முப்பத்தோரு வருஷம் மதுரையில் உட்கார்ந்து சாட்சி தயார் பண்ணியவன் நான். மாட்டையே பார்க்காதவனைக் கோர்ட்டில் ஏற்றி அதன் கொம்பு எந்தப் பக்கம் வளைந்தது என்பதுவரை சொல்ல வைத்திருக்கிறேன். ஆகவே எனக்குச் சாட்சி மேல் மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. சாமி மேல் பயம் உண்டு, அதையும் நம்பிக்கை என்று சொல்ல முடியாது.

தங்கள் தங்கச்சி அப்படியில்லை. அவளுக்குக் கருப்பன் சொன்னால் சொன்னதுதான். இது விஷயமாக எங்களுக்குள் கல்யாணம் ஆன நாளிலிருந்து வழக்கு நடக்கிறது. "உங்க கோர்ட்டுல சத்தியம் பண்ணிட்டுத்தான பொய் சொல்றாக? எங் கருப்பன் முன்னால கற்பூரத்த அணைச்சிட்டுப் பொய் சொல்ல ஒருத்தன் வரட்டும், பாப்பம்" என்பாள். "நாக்கு அழுகிப் போயிரும்னு பயம், அம்புட்டுத்தான். பயம் சாட்சியாகுமாடி?" என்பேன். "ஒங்க ஜட்ஜுக்கு எவன் பயப்படுறான்?" என்பாள். இதற்கு நான் இன்றுவரை பதில் மனு போடவில்லை.

போன புரட்டாசியில் அவள் பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். தங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துச் சாமி காலடியில் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் மகன் இருக்கிறான், சிவப்பு வந்தால் இல்லை. நான் எதற்கும் ஒத்துக்கொள்ளாத ஆள் என்றாலும், நடப்பது முறையாக நடக்கட்டும் என்று கூடவே போனேன். பொட்டலம் இரண்டும் ஒரே அளவா, இலை ஒரே மாதிரியா, எடுக்கப்போகிற பிள்ளைக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்றெல்லாம் விசாரித்தேன். பூசாரி நல்லகாமனுக்குக் கோபம் வந்து, "அண்ணே, நீங்க சாமியவே கூண்டுல ஏத்திருவீக போலருக்கே" என்றான். பிள்ளை எடுத்தது. நந்தியாவட்டை. வெள்ளை! சின்னத்தாய் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டாள். எனக்கும், பொய் சொல்லக் கூடாது, கை தானாகக் கும்பிட்டுவிட்டது. ஆனால் பாழாய்ப்போன பழக்கம் விடுமா? எதிர்க்கட்சியின் தஸ்தாவேஜையும் பார்த்துவிடுவோம் என்று மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை.

நல்லகாமன் என்னைப் பார்த்தான். நான் சின்னத்தாயைப் பார்த்தேன். பொட்டலம் கட்டினது அவள். "என்னடி இது?" என்றேன். "ரெண்டுலயும் வெள்ளை இருந்தா என்ன, எடுத்தது வெள்ளைதான?" என்றாள். அப்புறம் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "செவப்பரளியப் பறிச்சு மடியிலதான் வச்சிருந்தேன். கட்டக் கை வரலை" என்றாள். முப்பத்தோரு வருஷத்தில் இதைவிட அப்பட்டமான பொய்ச் சாட்சியை நான் கண்டதில்லை.

பூ தப்பாகப் போனதால் கிடாய் என்று ஆயிற்று. சாமிக்குக் கிடாய் நேர்ந்து, அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, மகன் வருவான் என்று அர்த்தம். ஐப்பசி மாதம், வானம் மூடிக்கிடந்தது. முதல் குடம் ஊற்றினார்கள். கிடாய் நல்ல பிள்ளையாக நின்றது. இரண்டாவது குடம் ஊற்றினார்கள். கண்ணை மூடிக்கொண்டது, அதற்கு அம்புட்டு சுகம். "முகத்துல அடிங்கப்பா" என்றான் நல்லகாமன். அடித்தார்கள். நக்கிக்கொண்டது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, சாதாரண மழை இல்லை. நல்லகாமன் நடுங்கினான், சின்னத்தாய் நடுங்கினாள், குடம் பிடித்தவன் நடுங்கினான், எனக்குப் பல்லெல்லாம் தந்தி அடித்தது. அந்தக் கோயில் வாசலில் மேற்படி கிடாய் ஒன்றைத் தவிர மற்ற எல்லோரும் உத்தரவு கொடுத்துவிட்டோம். உத்தரவு இல்லாமல் வெட்டக் கூடாது என்பதால் வீட்டுக்கு ஓட்டி வந்து கட்டியிருக்கிறோம். எனக்கு நாலு நாள் காய்ச்சல். நான் படுத்திருந்த சமயத்தில் அது என் பழைய கேஸ் கட்டுகளில் இரண்டைத் தின்றுவிட்டது. இரண்டும் நாங்கள் தோற்ற கேஸ்.

காய்ச்சல் விட்டதும், இனி இந்தப் பூவும் வேண்டாம் ஆடும் வேண்டாம், முறையான சாட்சியே கொண்டுவருவோம் என்று கிளம்பினேன். மேலூரில் சோலை என்று ஒருவர் மலாயிலிருந்து கப்பலில் திரும்பியிருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். ஆள் எலும்பும் தோலுமாக இருந்தார். "பரவை முத்திருளனைத் தெரியுமா?" என்றேன். யோசித்தார். விடுவேனா நான்? "செவத்த பையன், உயரமா இருப்பான், இல்லையா?" "ஆமாண்ணே, உயரந்தான்." "இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்குமே?" "இருந்துச்சுண்ணே." "சிரிச்சா ஒத்தைக் கன்னத்துலதான் குழி விழும்?" "ஆமா ஆமா." "எப்பவும் பாட்டு ஒண்ண முனகிக்கிட்டே இருப்பான்." "பாட்டுத்தான் அவருக்கு உசிருண்ணே." "சண்டை முடிஞ்ச பெறகு நீங்க அவனைப் பாத்தீங்க, நல்லாத்தான இருந்தான்?" "பாத்தேண்ணே. நல்லாத்தான் இருந்தாரு."

அந்த மனுஷரைக் கட்டிப்பிடித்து நான் அழுத அழுகையில் கடலை தீய்ந்துவிட்டது. ஊருக்கு வந்து சொன்னேன். சின்னத்தாய் அடுப்பில் பாயசம் வைத்தாள். மூன்று நாள் இந்த வீட்டில் நடந்த சந்தோஷத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும், மச்சான். கிடாய்க்குக்கூட ஒரு கிண்ணம் கொடுத்தாள். நாலாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பழக்கப்படி சாட்சியின் வாக்குமூலத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வேப்பங்குச்சி கையிலேயே நின்றுவிட்டது. தழும்பைச் சொன்னது யார்? நான். கன்னத்துக் குழியைச் சொன்னது யார்? நான். பாட்டு? நான். "பாத்தீங்க, நல்லாத்தான இருந்தான்?" அதுவும் நான்தான். அந்த ஆள் வாயிலிருந்து "ஆமா"வைத் தவிர ஒன்றும் வரவில்லை. சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து, பதிலை உள்ளே வைக்காமல் ஒரு கேள்வி கேட்கவே என் வாய்க்குத் தெரியாமல் போய்விட்டது.

திரும்பவும் மேலூருக்குப் போனேன். சோலை என்னைக் கண்டதும் வாணலியை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றார். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. நான் இருந்தது பெனாங்குப் பக்கம், ஒங்க மகன் பேரக்கூட நான் கேட்டதில்லை. நீங்க கேட்ட கேள்வியில அவரு உசிரோட இருந்தாரு. ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இல்லேன்னு சொல்ல எனக்கு மனசு வரலை" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு படி கடலை மடித்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் சின்னத்தாய், "அந்த ஆளு பொய் சொன்னா எம் மகன் இல்லேன்னு ஆயிருமா? அவன் இருக்கான். எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டாள். இது ஒரு வாதமா என்று கேட்டால் வாதமில்லை. ஆனால் எந்த வக்கீலாலும் உடைக்க முடியாது. பிறகு ஜெயக்கொடியைக் கூப்பிட்டு, "நீ என்னம்மா நெனைக்கிற?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். "அத்தைக்கு அவுக வரணும். ஒங்களுக்குக் காகிதம் வரணும். எனக்கு எதாச்சும் ஒண்ணு வந்தாச் சரி மாமா" என்றாள். சின்னப் பிள்ளைக்கு இம்புட்டுப் பேச்சு ஆகாது என்று அதட்டிவிட்டேன்.

ஆகவே சம்பந்தி அவர்கள் கவனிக்க வேண்டியது. ஏழு வருஷம் ஒருவனைப் பற்றித் தகவலே இல்லாமல் இருந்தால்தான் அவன் இறந்தவன் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். முத்திருளனின் கடைசிக் கடிதம் விஷு வருஷம் கார்த்திகையில் வந்தது. சர்க்காரிடமிருந்தோ தோட்டத்திலிருந்தோ பாதகமான செய்தி இன்றுவரை ஒன்றும் இல்லை. எனவே சட்டப்படி இன்னும் இரண்டு வருஷம் என் மகன் உயிரோடு இருக்கிறான். அதுவரை தங்கள் மகளை அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. அனுப்பச் சொல்லத் தங்களுக்குப் பாத்தியமும் இல்லை. கேட்டு வந்தவர்களுக்கு வாய்தா சொல்லி அனுப்பவும். தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். மாடு கன்றுக்கு ஒரு குறையும் வராமல் எல்லாம் வல்ல கருப்பன் காக்கட்டும், அவன் இருக்கும் பட்சத்தில்.

இப்படிக்கு,
சிவனாண்டி

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று காலை உறை ஒட்டப் பசை கேட்டேன், ஜெயக்கொடி கொண்டுவந்தாள். "எங்க அப்பாருக்கா மாமா? நான் நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுதிருங்க. அவுக வெசனப்படுவாக" என்றாள். எத்தனையோ பொய்ப் பிரமாணம் எழுதின கை, மச்சான். அந்த ஒரு வரியை எழுத வரவில்லை.

சர்க்கார் கடிதம் ஆவணியிலேயே வந்துவிட்டது. மகனைப் பற்றி விசாரித்து நான் போட்ட மனுவில் வக்கீல் ஆபீஸ் விலாசம் கொடுத்திருந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பேர் சரி, தகப்பன் பேர் சரி, ஊர் சரி, தோட்டத்தின் பேரும் சரி. ஜப்பான்காரன் சயாம் எல்லையில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனதில் என் பிள்ளையும் போய், நாற்பத்துமூன்றாம் வருஷம் ஜூலை மாதம் வாந்தி பேதியில் செத்துப்போனான். எங்காவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் கிடைக்கவில்லை. பூ, கிடாய், மேலூர் எல்லாம் அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு நடந்தவை. பூக்கட்டிப் பார்ப்போமா என்று முதலில் கேட்டவனும் நான்தான், சின்னத்தாய் இல்லை.

வெள்ளிக்கிழமை ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வண்டி கட்டி வாருங்கள். பெண்ணை அழைத்துப் போய், வந்திருக்கிற இடம் நல்ல இடமானால் முடித்துவிடுங்கள். விஷயத்தை அவளிடம் உங்கள் வீட்டில் வைத்துச் சொல்லுங்கள். அவள் அழுது முடித்த பிறகு, மாமாவுக்கு மூன்று மாசமாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அவள் என்னை என்ன சொன்னாலும் தகும். சின்னத்தாய் வண்டியோடு தெருமுனை வரைக்கும் நடந்து வருவாள். "எம் மகன் வந்ததும் ஆளனுப்புறேன், ஒடனே கொண்டாந்து விட்ரணும் அண்ணே" என்பாள். சாட்சி எங்கே என்று அவளிடம் கேட்டுவிடாதீர்கள், மச்சான். சரி தங்கச்சி என்று சொல்லுங்கள். நானும் பக்கத்தில் நின்று சரி என்றுதான் சொல்வேன்.