பட்டி பூட்டத் தெரியாத சுழியோடி

கல்யாணம் கட்டி நாலு வருசம். என் புருசன் நிலோஜனின் நாடியை நிமிர்த்திப் பிடித்து, "நோகுதா?" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கம்சாயினி மிஸ் நாளுக்கு மூன்று தரம் கேட்டா.

இவர் வாகரையில் கடலட்டை எடுக்கிற சுழியோடி. தண்ணீருக்குள் போடுகிற புது ஹெல்மெட் மூன்றை மிஸ் கம்பனியில் இருந்து சோதிக்கக் கொண்டுவந்திருந்தா. சிவப்பு, மஞ்சள், கறுப்பு. எது சுகம், எது பாவிக்க லேசு, எது பாதுகாப்பு என்று இவர் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கிழமை வேலை. இது மூன்றாம் கிழமை.

நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோணிக்குப் பின்னால் நிற்பேன்.

"ஹெல்மெட்டுப் பட்டி பூட்டத் தெரியுதில்ல மிஸ்," என்பார். இருட்டிலும் வலை முடிகிற கை அது. மிஸ் பூட்டி விடுவா. இவர் கயிறு மாட்டக் காத்திருக்கும் கன்று மாதிரிக் குனிந்து நிற்பார்.

"முடிவா எது நல்லம், அண்ணா?"

"சொல்ல ஏலாமக் கிடக்கு மிஸ். நாளைக்கும் ஒருக்காப் பார்ப்பம்."

அண்ணா என்றுதான் கூப்பிட்டா. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

சிவப்புக்குள் இடது காதுப் பக்கத்தால் தண்ணீர் வருகிறது. அதை இருமி இருமி என்னிடம் மட்டும் சொன்னார்.

"மிஸ்ஸிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னாக் கட்டிக்கொண்டு போயிருவா, புள்ள."

"ஹெல்மெட்டையா?"

"பின்ன வேற என்னத்த?"

கடைசியில் மிஸ் ஒரு படிவம் கொடுத்தா. இவர் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர். நான் அஞ்சாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்து என் பங்கு.

"எழுது. மூண்டும் நல்லம். இன்னும் ஒரு மாசம் பார்க்கோணும்."

எழுதினேன்.

"இவ்வளவு நீட்டோ?" என்று எட்டிப் பார்த்தார்.

"மரியாதையா எழுதினா நீளும்தானே."

மறுநாள் மிஸ் கரையில் வைத்துச் சத்தமாக வாசித்தா. "சிவப்பு: இடது காதால் தண்ணி வருகிறது. அதோடு அவரைக் கடலில் இறக்க வேண்டாம், எனக்கு ஒரு புருசன்தான். கறுப்பு: கழுத்துத் திருப்ப ஏலாது. மஞ்சள்: நல்லம். பட்டி: வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுகிறார். இனி ஆரும் பூட்டத் தேவையில்லை."

இவர் கடலைப் பார்த்தார். கடலும் உதவவில்லை.

"இவ்வளவு விளக்கமா ஒருத்தரும் எழுதேல்ல, அக்கா," என்றா மிஸ். "அடுத்த மாசம் வாவியில இறால் பிடிக்கிற பொம்பிளையளுக்கு மிதப்புச் சட்டை பார்க்கிறம். நீங்க போட்டுப் பார்ப்பீங்களா? எங்கட கம்பனி டிலக்சன் சேர் வந்து பட்டி பூட்டி விடுவார்."

"அவவுக்குத் தண்ணியெண்டாப் பயம் மிஸ்," என்றார் இவர் அவசரமாக.

நான் பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன்.

"பழகுவன் மிஸ்."