பிரஷர் அங்கிளின் கோபம்

டொக்டர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்கும் நோயாளி கொழும்பு வெள்ளவத்தையிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தொடர்மாடியின் பிரஷர் அங்கிள். டொக்டர் சொல்லாததை மட்டும் கேட்கமாட்டார்.

உப்பைக் குறைக்கச் சொன்னார் டொக்டர். அன்றிலிருந்து கறியில் உப்பில்லை, பக்கத்தில் பொரித்த கருவாடு இருந்தது.

"உப்பைத்தான் வேண்டாமெண்டவர். கருவாட்டைப் பற்றி அவர் வாயே திறக்கேல்லை."

நடக்கச் சொன்னார். அங்கிள் கடலோர மரைன் டிரைவ் வழியாக பேக்கரிக்கு நடந்து போய், மீன் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, நடந்தே திரும்புவார்.

வில்லங்கம் மூன்றாவது புத்திமதியில்தான் வந்தது. கோபப்படவே கூடாதாம். அங்கிளோ யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், ஏசாமல் அவருக்குப் பொழுது விடியாது. எனவே கோபத்தை முன்வீட்டுக்காரனான என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

"தம்பி, லிப்ட் திரும்பவும் நிண்டுபோச்சு. எனக்குக் கோபம் வரப்போகுது. நீர் ஒருக்காப் போய் ஏசிப்போட்டு வாரும்."

நான் போய் ஏசுவேன். அவர் பின்னால் சாந்தமாக நின்று, "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்பார். தண்ணீர் மோட்டர், குப்பை வாளி, கமிட்டிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் கத்தியது நான்தான். வாட்ச்மன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். அங்கிளைக் கண்டால், சிங்களமும் தமிழும் கலந்து, "ஹரி ஹொந்த மாத்தயா, சரியான நல்ல மனுசன்" என்பார்.

ஒருநாள் கமிட்டித் தலைவரை ஏசிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தலை சுற்றியது. அங்கிள் பதறிப்போய்த் தன் டொக்டரிடமே கூட்டிப் போனார். பிரஷர் பார்த்த டொக்டர் முகத்தைச் சுளித்தார். அதே மூன்று புத்திமதிகளும் எனக்கும் கிடைத்தன.

"ஆரோட தம்பி இவ்வளவு கோபம்?"

"எனக்கு ஒருத்தரோடயும் கோபமில்லை, டொக்டர். எல்லாம் இவரின்ர கோபம்."

அங்கிள் சுவரில் தொங்கிய கலண்டரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தால் லிப்ட் வேலை செய்யவில்லை. எங்கள் வீடுகள் இருப்பது நாலாம் மாடியில். பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அங்கிள் என்னைப் படியில் இருத்திவிட்டு, கமிட்டித் தலைவரின் கதவைத் தட்டினார். பிறகு அவர் போட்ட சத்தம் பெருந்தெருவான காலி வீதி வரைக்கும் கேட்டிருக்கும்.

"சுகமில்லாத பெடியனை நாலு மாடி ஏறச் சொல்லுறீரோ? லிப்டைத் திருத்துற வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்."

லிப்ட் திருத்துகிறவர் வந்து சேர்ந்த பிறகுதான், மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அங்கிள், நீங்கள் கோபப்படக் கூடாதெல்லோ?"

"என்ர விசயத்துக்குக் கோபப்படக் கூடாதெண்டவர். உம்மட விசயத்தைப் பற்றி அவர் வாயே திறக்கேல்லை."

இப்போது இருவரும் சேர்ந்துதான் நடக்கிறோம். மீன் ரோல்ஸ் ஒன்றுதான், ஆளுக்குப் பாதி. எனக்காக இப்படிச் சத்தம் போட வேறு யாருமில்லை, அவர் நெடுநாள் சுகமாக இருக்க வேண்டும். அதனால் அவருடைய பாதியை எப்போதும் கொஞ்சம் சின்னதாகவே பிய்க்கிறேன்.