பெண் பார்க்கப் போன இடத்தில் ரத்தப் பரிசோதனை

ஆராய்ச்சி மாணவனைப் பெண் பார்க்க அழைத்துப் போகிறவர்கள், யாராவது கேள்வி கேட்கும் முன் அவன் வாயில் ஒரு பஜ்ஜியைத் திணித்துவிட வேண்டும். எனக்கு அதைச் செய்ய ஆளில்லாமல் போய்விட்டது.

அப்போது கோரிமேட்டுப் பக்கம் ஒரு லேபில், ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் டி செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். (பெரும்பாலும் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.) மூலக்குளத்தில் பெண். பெயர் செல்வி, பள்ளி ஆசிரியை. நோணாங்குப்பத்திலிருந்து அம்மா, பெரியம்மாவோடு போனேன். 'இன்னும் படிச்சிட்டேதான் இருக்காரா?' என்று கேட்டே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இது எப்படியாவது அமைய வேண்டும் என்று அம்மாவைவிட நான்தான் தவித்தேன். போட்டோவிலேயே எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

செல்வியின் அப்பா மரியாதைக்குக் கேட்டார். "தம்பி இன்னா ஆராய்ச்சி பண்றீங்க?"

'ரத்தத்துல' என்று சொல்லியிருந்தால் போதும், விட்டிருப்பார். நான் பலகாரத் தட்டைத் தூக்கினேன்.

"இந்தத் தட்டை ஒரு செல் நீட்டுதுன்னு வைங்க. பஜ்ஜிதான் கிருமியோட துண்டு. டி செல் அதைத் தொட்டு அடையாளம் பாக்கும். ஆனா அந்தப் பிடி மட்டும் பத்தாது. டி செல் மேலயே இருக்கற சி.டி.4-னு ஒண்ணு பக்கத்துல வந்து தட்டோட ஓரத்தைப் பிடிச்சிக்கணும். கூடவே உள்பக்கம் ஒரு நொதியையும் கூட்டியாரும். அது கிளப்பிவிட்டாத்தான் டி செல் சண்டைக்குப் போவும். பிடிங்க மாமா, ஓரத்தைப் பிடிங்க."

(பெண்ணையே இன்னும் காட்டவில்லை. அதற்குள் மாமா.)

அவரும் பிடித்தார், பாவம். எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. "வாரா வாரம் என் ரத்தத்தையே எடுத்து சி.டி.4 செல் எவ்ளோ இருக்குன்னு பாக்குறேன். இதுவரைக்கும் குறையவே இல்ல."

பக்கத்தில் செல்வியின் தாய்மாமன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர். எச்.ஐ.வி. கிருமி இதே சி.டி.4-ஐப் பற்றிக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது என்பதும், அந்த எண்ணிக்கையை வழக்கமாக யாருக்குப் பார்ப்பார்கள் என்பதும் அவருக்கு அத்துப்படி.

"எத்தினி வருஷமா பாக்குறீங்க தம்பி?" என்றார் மெதுவாக.

"மூணு வருஷமா" என்றேன் பெருமையாக.

"எங்க புள்ள ரத்தம் எடுக்காத வாரமே கெடையாதுங்க" என்று பெரியம்மா தன் பங்குக்கு மெருகேற்றினார்.

தாய்மாமன் செல்வியின் அப்பா காதில் ஏதோ சொன்னார். அவர் ஓரத்தை விட்டுவிட, தட்டு முழுவதுமாக என் கைக்கே வந்துவிட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குப் புரியவே இல்லை.

காபியோடு உள்ளே வந்த செல்விதான் பேசினாள். "மாமா, குசுகுசுன்னு பேசாம அவரையே கேட்டுடலாம். ஏங்க, உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கா?"

அம்மா கையிலிருந்த பூ கீழே விழுந்தது.

"இல்லீங்க. லேப்ல ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத ஆளோட ரத்தம் வேணும். வேற எவனும் கைய நீட்ட மாட்றான்."

"இருந்தாலும் சொல்றதுல ஒண்ணுமில்லீங்க. மருந்து சாப்ட்டா நல்லா இருக்கலாம்னு நானே பாடம் எடுக்கறேன்" என்று சொல்லிக் காபியை நீட்டினாள். அந்த நிமிடம் இவளை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். அவள் முடிவு செய்ய இரண்டு வாரம் ஆனது. நடுவில் தாய்மாமன் கேட்டபடி என் ரத்தத்தை அவர் கூடத்திலும் கொடுத்தேன்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றும் சொந்தத்தில் யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும், அந்த வீட்டு வாசலில் தாய்மாமன் என் தோளில் கை வைத்துவிடுவார். "மாப்ள, நீங்க கார்லயே இருங்க. செல்வி போய்ப் பேசிட்டு வரட்டும்."

இருக்கிறேன். ஏசி போட்டுக்கொண்டு, பரம சந்தோஷமாக.