மூணு நாள் தண்ணி வராதாம்

இருபது பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். சின்ன வயதில் அல்ல, ஐம்பத்திரண்டு வயதில்.

அன்று மாலை நாலு மணிக்கு என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். காலையில் சமையலறைக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மனைவி தி.நகருக்குப் போயிருந்தாள். எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்டின் வாட்ஸ்அப் குழுவில், "தண்ணி நின்னுடுச்சா?" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். (குளியலறையில் தண்ணீர் வந்தது. அதைப் பற்றி யோசிக்கும் மூளைப் பாகம் அன்று லீவு.)

துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால், "மெயின் பைப் உடைஞ்சுடுச்சாம், மூணு நாள் வராதாம்" என்று யாரோ போட்டிருந்தார்கள். கீழே வரிசையாக இருபது கட்டைவிரல்கள். எனக்கு லேசாகச் சந்தேகம். அந்த நேரம் பார்த்து நங்கநல்லூரிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, உங்க பக்கம் மூணு நாள் தண்ணி இல்லையாமே? எங்க குரூப்ல வந்துச்சு."

நங்கநல்லூர் வரை தெரிந்த சேதி பொய்யாகுமா? பக்கெட், இட்லிப் பானை, குக்கர், மகள் ஷட்டிலில் ஜெயித்த கோப்பை என எல்லாவற்றையும் குளியலறைக் குழாயில் நிரப்பினேன். பக்கத்து வீட்டில் குழாய் ஓடும் சத்தம் கேட்டால் யாருக்குக் கை சும்மா இருக்கும்? இருபத்திநாலு வீட்டிலும் இதே வேலைதான்.

பன்னிரண்டு மணிக்கு உண்மையிலேயே தண்ணீர் நின்றது. வாட்ச்மேன் கன்னியப்பன் கீழே சம்ப் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்.

"இன்னா சார் இது, காலைல ரொம்பி இருந்துச்சு. அல்லாரும் ஒரே நேரத்துல புட்ச்சிக்கினா சம்ப்பு இன்னா பண்ணும்?"

நாலு மணிக்கு வந்தவர்கள் பக்கெட்டுகளைத் தாண்டித் தாண்டி சோபாவை அடைந்தார்கள். பையனின் அப்பா கை கழுவக் கேட்டார். ஷட்டில் கோப்பையில் மொண்டு ஊற்றினேன். இந்தச் சம்பந்தம் இத்தோடு சரி என்று மனைவியின் முகம் சொன்னது. நிலைமையைச் சமாளிக்க, வதந்தி கிளப்பும் பொறுப்பற்ற ஜனங்களைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். மகள் அதற்குள் போனில் அந்தக் குழுவை மேலே தள்ளிக்கொண்டே காலை வரை போய்விட்டாள்.

"அப்பா, மொதல் மெசேஜ் உன்னோடது."

பையன்தான் முதலில் சிரித்தான்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை இன்றுவரை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, தண்ணி நின்னுடுச்சா?" என்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன். வேறென்ன செய்ய, அலுத்துவிட்டது.

அன்று எந்தப் பைப்பும் உடையவில்லை. பிளம்பர் வந்து வாஷர் மாற்றட்டும் என்று, சிங்க்குக்கு அடியில் இருந்த வால்வை மனைவி மூடிவிட்டுப் போயிருந்தாள்.